றோசலின் மிஸ்ஸியும் நாக்கு நீட்டிய காவல்காரரும்

என் எழுத்து கோணலாக இருக்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சில இடங்களில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்கும். வரிகள் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழர் நாம் கூடுகிற மண்டபத்தில் கொடுக்கும் நம் கையெழுத்துத் தாளைத் தயாரிக்கிற தம்பி, "ஐயா, நீங்கள் சொல்லுங்கோ, நான் வடிவா எழுதிப் போடுறன்" என்றுதான் சொன்னார். வேண்டாம், இது என் கையாலேயே இருக்க வேண்டும் என்றேன். எனக்கு அறுபத்தொன்பது வயது. எழுதத் தெரிந்து இரண்டு வருஷந்தான் ஆகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போகிறது. ஊரில் வெங்காயத்துக்குப் பாத்தி கட்டி முடித்து, குனிந்த நாரியை நிமிர்த்தித் திரும்பிப் பார்க்கிறபோது ஒரு சந்தோஷம் வரும். ஒவ்வொரு வரியும் முடியும்போது எனக்கு அது வருகிறது. துக்கத்தை எழுதும் இடத்தில் சந்தோஷத்தைச் சொல்வது சரியோ தெரியாது. ஆனால் அந்தச் சந்தோஷத்தை எனக்குத் தந்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை, ஒக்லாந்து ஒனிஹங்காவில் எங்கள் வீட்டின் பின்புறத்தில் பூண்டுக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே ஃபோன் அடித்தது. என் பேத்தி துளசிக்கு நாலு வயது. ஃபோனை எடுப்பதென்றால் அவளுக்கு உயிர். எடுத்துக் கதைத்துவிட்டு, பின்கதவில் வந்து நின்று சொன்னாள்: "அம்மப்பா, மிஸ்ஸி இஸ் நொட் வேக்கிங் அப்."

பிள்ளை அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எழும்ப நேரமாகிறது என்பதைப் போல. நான் பிடுங்கிய களையோடேயே உள்ளே போய் ஃபோனை எடுத்தேன். மிஸ்ஸியின் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாதான் ஃபோனில். பால் போத்தல் வாசலிலேயே கிடந்ததைப் பார்த்து உள்ளே போயிருக்கிறார். மிஸ்ஸி படுத்தபடியே போய்விட்டார். முகத்தில் ஒரு கஷ்டமும் இல்லையாம்.

றோசலின் மிஸ்ஸியைத் தெரியாதவர்கள் நம்மில் குறைவு. ஊரில் தாதிமாரை மிஸ்ஸி என்று கூப்பிடுவோம். இவர் மன்னாரில் பிறந்து, பிள்ளைப்பேறு பார்க்கிற வேலையை இங்கிலாந்தில் படித்து, ஒக்லாந்து ஆஸ்பத்திரிகளில் அதே வேலையைச் செய்து ஓய்வு எடுத்தவர். கலியாணம் செய்யவில்லை. குள்ளமான உடம்பு, வளைந்த கால்கள், காரை விட்டு இறங்கினால் ஆடி ஆடித்தான் நடப்பார். ஆனால் ஒரு வீட்டில் வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டால், சைவ வீடோ சிலுவை மாட்டிய வேத வீடோ, தமிழ்நாட்டு வீடோ மலேசியா வீடோ, கூப்பிடாமலே போய் நிற்பார். படுக்கை அறைக்குள் நுழைந்ததும் அவர் செய்கிற முதல் காரியம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். படுத்திருக்கிறவளைப் பார்த்து நாக்கை நீட்டுவார். அவள் திகைத்து, பிறகு சிரிப்பாள். அதற்குப் பிறகுதான் நாடி பார்ப்பார்.

"பயந்த உடம்பு பிள்ளையை இறுக்கிப் பிடிக்கும். சிரிச்ச உடம்பு வழி விடும்" என்பார்.

அந்த நாக்கு நீட்டலை அவர் யாரிடம் கற்றார் என்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் கட்டிலின் தலைமாட்டிலும் அவர் நின்றிருப்பார். ஒரு சாண் உயரச் சின்னச் சிலை. நீலமும் பச்சையும் கலந்த நிறம். சிங்கத்தின் காது, தாடி, தலையில் இறகுகள், வளைந்த கால், ஒரு கையில் கத்தி, வெளியே நீட்டிய நாக்கு. மிஸ்ஸி அவரை வீடு வீடாகக் கொண்டுபோய் வைப்பார். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்ததும் தகப்பன் அவரைச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டித் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். தாயோ மாமியோ கொண்டுவந்தால் வாங்கமாட்டார். "செய்தவர் வந்து நன்றி சொல்லட்டும்" என்று தகப்பனைத்தான் வரச் சொல்லுவார்.

அந்த நாக்கு நீட்டியவரை நான் முதலில் கண்ட கதையைத்தான் இன்று எழுத வேண்டும்.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கொழும்புக் கலவரத்துக்கு அடுத்த வருஷம் நான் இங்கே வந்தேன். மனைவி ஊரிலேயே கண்மூடிவிட்டார். ஒரே மகள் மலர் இங்கே. மருமகன் சிவநேசன் புக்கெகோஹியில் மரக்கறி பொதி செய்யும் இடத்தில் வேலை. விடிய முதல் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் வந்து இறங்கியபோது மலருக்கு ஆறாம் மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன. இரண்டாவது, எட்டாம் மாதத்தில். இந்த முறை கட்டிலை விட்டு இறங்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவள் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். பிள்ளைக்குப் பெயர் யோசித்தாயா என்று கேட்டேன். "பெயரைப் பற்றிக் கதைக்காதேங்கோ அப்பா" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் பிள்ளையைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டோம்.

அப்படி ஒரு நாள் மிஸ்ஸி வந்தார். நான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். அறையில் சத்தம் கேட்டது. நான் வந்து ஒரு மாதத்தில் அன்றுதான் என் மகள் சிரிக்கக் கேட்டேன். தேத்தண்ணியோடு போய்ப் பார்த்தால், தலைமாட்டுத் தட்டில் அவர் நிற்கிறார். கத்தியும், பயங்கர முகமும், கட்டை உருவமும். எனக்கு உடம்பு புல்லரித்தது. வைரவர்!

எங்கள் ஊரில் ஒவ்வொரு வளவிலும் ஒரு மரத்தடியில் சூலம் நட்டு வைரவரை வைத்திருப்போம். வீட்டுக்குக் காவல். வடைமாலை சாத்திப் பொங்குவோம். கடல் கடந்து வந்த இடத்தில், ஒரு வேதக்கார அம்மா என் மகளுக்கு வைரவரைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டேன். மிஸ்ஸி அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நான் எல்லாம் தெரிந்துதான் கும்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

தட்டின் விளிம்பில் மிஸ்ஸி ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார். "அவர் ஆர், என்ன செய்யிறவர் எண்டு எல்லாம் அதில எழுதியிருக்கு. வாசிச்சுப் பாருங்கோ அப்பா" என்றாள் மலர். நான் கண்ணாடியைப் போட்டு, குனிந்து, கொஞ்ச நேரம் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாது. என் பெயரைக் கீறுவேன், அவ்வளவுதான். ஏழு வயதிலிருந்து தோட்டம். கலியாணமான பிறகு கடிதம், பேப்பர், கோயில் நோட்டீஸ் எல்லாம் மனைவி வாசித்துச் சொல்லுவார். "தகப்பனுக்கு எழுத்துத் தெரியாது எண்டு பிள்ளைக்குத் தெரியக் கூடாது" என்று மகளிடம்கூட மறைத்து வைத்தவர் அவர்தான். மலர் விடுதியில் நின்று படித்தவள். வீட்டுக்கு வரும் நாட்களில் நான் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மனைவி போன பிறகு அந்த மறைப்பை நான் ஒருவனாகவே தோளில் காவினேன்.

அடுத்த இரண்டரை மாதமும் மலர் மாறிப்போனாள். அவரோடு கதைப்பாள். "என்ன, நீர் இண்டைக்குச் சவரம் எடுக்கேல்லையோ" என்று கேட்பாள். வயிற்றில் பிள்ளை உதைத்தால், "உமக்குத்தான் உதைக்குது" என்பாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, பெண்பிள்ளை என்றால் துளசி, ஆண்பிள்ளை என்றால் யோசிக்க வேண்டும் என்றாள். மிஸ்ஸி வியாழன்தோறும் வருவார். மூன்று பேரும், அவரோடு சேர்த்து நாலு பேரும், அந்த அறைக்குள் இருந்து சிரிப்போம். வெளியே மழை விடாமல் பெய்யும். எனக்கு இப்போது அந்த அறை வேண்டும் போல இருக்கிறது. வீடு அதே வீடுதான். அறையும் இருக்கிறது.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் எனக்குள் ஒரு கவலை வந்தது. பிள்ளைப்பேறு என்றால் துடக்கு. முப்பத்தொரு நாள் சாமிப் படத்துக்கு விளக்கு வைக்கமாட்டோம். கோயில் வாசலை மிதிக்கமாட்டோம். அதிலும் வைரவர் பொல்லாதவர். அவர் இருக்கிற இடத்தில் துடக்கு பட்டால் என்ன ஆகும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் நாங்கள். என் மகள் அவருடைய காலடியிலேயே படுத்திருக்கிறாள். தண்ணீர்க்குடம் உடைந்தால் அந்தக் கட்டிலில்தான் உடையும். இரண்டு பிள்ளைகள் போனதற்கு என்ன குற்றமோ என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, மூன்றாவது குற்றம் கண்ணுக்கு நேரே நிற்பதாகப் பட்டது.

ஒரு வியாழக்கிழமை. மிஸ்ஸி காலையில் வந்து பார்த்து, பேறுக்கு இன்னும் மூன்று கிழமை, இருபது நாள், இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உளுந்து ஊறப்போட்டு வடை சுட்டேன். மலர் இரண்டு சாப்பிட்டாள். பத்து வடையை எடுத்து நூலில் கோத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கண்ணயர்ந்த நேரம், அவரைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் வெளியே வந்தேன். எலுமிச்சை மரத்தடியைக் கூட்டி, ஒரு செங்கல்லின் மேல் அவரை வைத்து, வடைமாலை சாத்திக் கற்பூரம் கொளுத்தினேன். "இஞ்சையே நிண்டு என்ர பிள்ளையைக் காப்பாற்று" என்றேன். மனம் நிம்மதியாக இருந்தது.

மலர் எழும்பிப் பார்த்தாள். "அப்பா, அவர் எங்கை?"

சொல்லியிருக்கலாம். ஆனால் சாமியை வெளியே எடுத்தது நான் என்றால், ஏன் என்று கேட்பாள். துடக்கு என்று சொன்னால், தன் வயிற்றைத்தான் குற்றம் சொல்கிறேன் என்று நினைப்பாள். அந்தக் காகிதத்தில் எழுதியிருந்ததை நீங்கள் வாசிக்கவில்லையா என்றும் கேட்பாள். "தெரியாதே பிள்ளை. நீ நித்திரையில மிஸ்ஸி திரும்பவும் வந்தவ. கொண்டு போனாவோ என்னவோ" என்றேன்.

மிஸ்ஸிக்கு ஃபோன் எடுத்தோம். ஆள் வீட்டில் இல்லை. மலர் பழையபடி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அன்று பின்னேரம் பத்துத் தரம் பின்கதவு வரை போயிருப்பேன். பூசை செய்து வைத்தவரைத் திரும்ப அந்த அறைக்குள் கொண்டுவரப் பயம். சொல்லிய பொய்யைத் திரும்ப எடுக்கவும் பயம்.

மறுநாள் மருமகன் வேலைக்குப் போன பிறகு மலருக்குத் தண்ணீர்க்குடம் உடைந்தது. ஃபோன் செய்து அரை மணியில் மிஸ்ஸி தன் பழைய காரில் வந்தார். மலர் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழும்பமாட்டேன் என்றாள்.

"எழும்பு பிள்ளை, காரில ஏறு."

"அவர் இல்லாமல் நான் வரமாட்டன். ரெண்டு தரமும் வெறுங்கையோட போய் வெறுங்கையோட வந்தனான். ஏன் மிஸ்ஸி அவரை எடுத்தனீங்கள்? என்னட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாமெல்லோ?"

மிஸ்ஸி வெறும் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஓம் பிள்ளை, நான்தான் எடுத்தனான்" என்றார் மிஸ்ஸி. "தூசு பிடிச்சுக் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போறவர் குளிக்க வேண்டாமோ? நிண்டுகொள், எடுத்துக்கொண்டு வாறன்."

"கேக்காமல் எடுத்தது பிழை மிஸ்ஸி. சரியான பிழை."

"ஓம். பிழைதான்."

குசினிக்கு வந்ததும் மெல்லமாகக் கேட்டார்: "எங்கை?" நான் எலுமிச்சை மரத்தைக் காட்டினேன். அங்கே அவர் வடைமாலையோடு நிற்கிறார். நாலைந்து குருவிகள் மாலையில் தொங்கிக் கொத்திக்கொண்டிருந்தன. மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன்.

"சின்னத்தம்பி அண்ணை, மூவாயிரம் வருஷத்தில இந்த மனுசனுக்கு ஆரும் வடை குடுத்திருக்க மாட்டினம்" என்றார். மாலையைக் கழற்றிக் கிளையில் போட்டு, அவரைத் தன் பாவாடையில் துடைத்தபடி ஆடி ஆடி உள்ளே ஓடினார். மலர் அவரை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழும்பினாள். மிஸ்ஸியின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி உள்ளேயும் வெளியேயுமாக நடந்தார். மத்தியானத்துக்குப் பிறகு ஒரு தேத்தண்ணியோடு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். நான் வைரவரைப் பற்றி, துடக்கைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார்.

"அவர் வைரவர் இல்லை அண்ணை. எகிப்துக்காரர். பெஸ் எண்டு பேர். நான் இருபத்திரண்டு வயதில கப்பலில இங்கிலாந்துக்குப் போகேக்க, போர்ட் சையிட்டில வள்ளக்காரர் கப்பலுக்குப் பக்கத்தில வந்து கயித்தில கூடை கட்டி மேல அனுப்புவினம். அப்பிடி ஏறி வந்தவர். விளையாட்டுச் சாமான் எண்டு நினைச்சன். பிறகு லண்டனில ஒரு காட்சிச்சாலையில இவரைக் கண்ணாடிக்குள்ள கண்டு, அங்க இருந்தவரைக் கேட்டு அறிஞ்சனான். அந்தக் காலத்துச் சனம் இவரைக் கட்டில் காலில செதுக்கி வைக்குமாம். இவருக்குப் பெரிய கோயில் ஒண்டும் இல்லை. வீடுதான் கோயில். பிள்ளை பெறுகிற பொம்பிளைக்கும் நித்திரை கொள்ளுற பிள்ளைக்கும் காவல். மற்ற எகிப்துச் சாமியள் எல்லாம் பக்கவாட்டில பார்த்துக்கொண்டு நிப்பினம். இவர் ஒருத்தர்தான் நேர முகத்தைப் பார்க்கிறவர். கெட்டது வந்தால் கத்தியைக் காட்டுவார். பிள்ளை அழுதால் நாக்கைக் காட்டுவார்."

"அப்ப துடக்கு?"

"துடக்குத்தான் அவர்ர உத்தியோகம். மற்றவை எல்லாம் குளிச்சுப்போட்டு வா எண்டு சொல்லுவினம். இவர் ரத்தத்துக்கையும் தண்ணிக்கையும் பக்கத்தில நிண்டு மேளம் அடிக்கிற ஆள்."

"நீங்கள் வேதக்காரர். உங்களுக்குப் பிழையில்லையோ?"

"கோயிலுக்கு நான் தனியத்தான் போறனான். இவர் வீட்டு ஆள். என்ர காவல் சம்மனசுக்கு, அதுதான் தேவதூதருக்கு, வயசு போட்டுது அண்ணை, உதவிக்கு ஒரு ஆள் வேணும்" என்றார். பிறகு, நினைவு வந்தவராக, "அறையை விட்டு எடுக்க வேண்டாம் எண்டு கடுதாசியில எழுதி ஒட்டினனானே?" என்றார்.

"கண்ணாடி..." என்று தொடங்கினேன்.

"போட்டுக்கொண்டுதானே இருக்கிறியள்."

நான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். மிஸ்ஸி தேத்தண்ணியை முடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கட வீட்டுப் புல்லு வெட்ட ஒரு ஆள் வேணும். வியாழக்கிழமையளில வருவியளோ அண்ணை?" என்றார். ஓம் என்றேன்.

அன்று பின்னேரம் துளசி பிறந்தாள். நான் போய்ப் பார்த்தபோது மலரின் உள்ளங்கையில் ஐந்து சிவப்புக் கோடுகள் இருந்தன. அவருடைய தலை இறகுகள் பதிந்த அடையாளம். பிள்ளை கத்திய கத்தலில் எனக்குக் காது அடைத்தது. அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

வியாழன்தோறும் புல் வெட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். புல்லும் வெட்டினேன். அது கால் மணி வேலை. மிச்ச நேரம் மிஸ்ஸியின் குசினி மேசையில் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். முதல் நாள், "உங்களுக்கு எழுத விருப்பமான சொல் ஒண்டு சொல்லுங்கோ" என்றார். வெங்காயம் என்றேன். "சரி, வெங்காயத்தில இருந்தே தொடங்குவம்" என்றார். ஒரு மாதம் வெங்காயம்தான் எழுதினேன். ஒரு நாள் இந்தியக் கடையில் வாங்கிய பெட்டி ஒன்றின் பக்கத்தில் அந்தச் சொல் அச்சில் இருக்கக் கண்டேன். கடைக்குள்ளேயே சிரித்துவிட்டேன். மிஸ்ஸி யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாமல் இருந்ததையும் சொல்லவில்லை, எழுதப் பழகுவதையும் சொல்லவில்லை. யாராவது வந்தால், "புல்லு வெட்டிக் களைச்சுப்போனார், தேத்தண்ணி குடிக்கிறார்" என்பார்.

ஆனால் மலர் மறக்கவில்லை. மிஸ்ஸியில் அவளுக்கு அன்பு இருந்தது, நன்றியும் இருந்தது. ஆயினும் ஒரு இடத்தில் அவள் மனம் விலகியே நின்றது. "நல்ல மனுசி. ஆனால் கேக்காமல் கை வைக்கிற ஆள்" என்று மருமகனிடம் சொல்லுவாள். துளசியின் முதலாவது பிறந்தநாளுக்கு வந்தவர்களில் உங்களில் சிலர் இருந்தீர்கள். கேக் வெட்டிய பிறகு மலர் எல்லோருக்கும் முன்னால், "மிஸ்ஸி, இண்டைக்கு வீட்டில ஏதும் எடுக்கிறதெண்டால் சொல்லிப்போட்டு எடுங்கோ" என்றாள். பகிடிதான். எல்லோரும் சிரித்தீர்கள். மிஸ்ஸியும் சிரித்து, கைப்பையைத் திறந்து காட்டினார். நானும் சிரித்தேன்.

அடுத்த வியாழன் மிஸ்ஸியின் மேசையில் இருந்து அழுதுவிட்டேன். இன்றைக்கே போய்ச் சொல்லுகிறேன் என்றேன்.

"வாயால சொன்னால் பாதியில அழுவியள். மிச்சப் பாதியை அவள் தன்ர பாட்டுக்கு விளங்கிக்கொள்ளுவாள்" என்றார். "எழுதிச் சொல்லுங்கோ அண்ணை. நான் பொறுப்பன். எனக்கு அவசரமில்லை."

எனக்கும் அவசரமில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். வெங்காயம் எழுதி, பெயர்கள் எழுதி, வசனம் எழுத இரண்டு வருஷமாயிற்று. அதற்குப் பிறகு இன்னும் நன்றாக எழுத வரட்டும், எழுத்து நேராகட்டும் என்று நாளைக் கடத்தினேன். இந்த ஒரு வருஷமாக மிஸ்ஸிக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து, மன்னாரிலிருந்து தங்கச்சி எழுதுகிற கடிதங்களை வாசிக்க முடியாமல் போனது. நாட்டுச் சண்டையால் அவை மூன்று நாலு மாதம் சுற்றி வரும். நான்தான் வாசித்துக் காட்டுவேன். ஒவ்வொரு எழுத்தாக, ஒரு கடிதத்துக்கு ஒரு மணி நேரம். தங்கச்சியின் மாடு கன்று போட்டது என்கிற ஒரு வரிக்கு எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது! மிஸ்ஸி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "ஆறுதலா வாசியுங்கோ. கெதியா வாசிச்சால் கெதியா முடிஞ்சிடும்" என்பார். அவர் போவதற்கு முந்தின வியாழக்கிழமையும் வாசித்தேன். அரைக் கடிதம் மிச்சம் இருந்தது. வருகிற வியாழன் வாசிப்போம் என்று மடித்து வைத்தார்.

அந்த வியாழனும் வந்தது. நான் பழக்கத்தில் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன்.

பெஸ் இப்போது புக்கெகோஹியில் ஒரு வீட்டில் நிற்கிறார். அங்கே ஒரு பிள்ளை அடுத்த மாதம் பிறக்க இருக்கிறது. பிறகு அவர் வேறு வீட்டுக்குப் போகட்டும். அவரை ஒருவரும் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்பது மிஸ்ஸியின் எண்ணம். அவருடைய வீட்டிலிருந்து ஏதாவது எடுங்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டபோது, ஒன்றும் வேண்டாம் என்றேன். என்னிடம் ஏற்கனவே அவருடைய பொருள் ஒன்று இருக்கிறது. நாலு வருஷம் அவர் காவியது, உண்மையில் என்னுடையது. மலரின் தலைமாட்டிலிருந்து காவலைத் தூக்கிய ஆள் றோசலின் மிஸ்ஸி அல்ல. அது நான், சின்னத்தம்பி. தூக்கியதும் நான், பொய் சொன்னதும் நான், பிறந்தநாளில் எல்லோரோடும் சேர்ந்து சிரித்ததும் நான். மிஸ்ஸி யாருடைய வீட்டிலும் கேட்காமல் ஒரு ஊசியைக்கூட எடுக்கவில்லை. அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் இதை அறிய வேண்டும்.

மலர் இப்போது குசினியில் நிற்கிறாள். அப்பா அறைக்குள் இருந்து நாலு நாளாக என்ன செய்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு எழுத்துத் தெரியாமல் இருந்தது அவளுக்குத் தெரியாது, தெரிய வந்ததும் தெரியாது. தம்பியிடம் கொடுப்பதற்கு முன் இந்தத் தாள்களை அவள் கையில் கொடுக்கப் போகிறேன். அவள் வாசித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே இருப்பேன். கோபித்தாலும் இருப்பேன். அவள் என்ன சொன்னாள் என்பதை அடுத்த கிழமை இதே தாளில் என் கையாலேயே எழுதுகிறேன். கேட்கக் கஷ்டமானதாக இருந்தாலும் எழுதுவேன்.